அணிகளுக்கான நினைவகம்: ரன்டைமில் எதை முதலில் மாற்றுவது?

இயங்குநிலை மொழிகளின் ரன்டைம்களில், அதாவது நிரலை ஓட்டும் அடித்தள மென்பொருள்களில், பலவும் அணியை ஏறக்குறைய ஒரே விதமாகத்தான் தொடங்குகின்றன. பயன் முடிந்த பொருள்களைத் தானாக அகற்றும் குப்பைச் சேகரிப்பான் ஆளும் ஹீப்பில், அதாவது பொருள்கள் வாழும் நினைவகப் பகுதியில், ஒரு சிறிய தலைப்பகுதி இருக்கும். நீளம், கொள்ளளவு, ஒரு சுட்டி ஆகிய மூன்றும் அதில் அடங்கும். சுட்டி காட்டும் இடத்தில், நினைவகத்தை ஒதுக்கித் தரும் மாலாக்கிடம் கேட்டு வாங்கிய தனித் துண்டில், உறுப்புகள் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும். இடம் தீர்ந்துபோனால் இருமடங்கு கேட்டு வாங்கி, உறுப்புகளை நகலெடுத்துவிட்டுப் பழைய துண்டை விடுவித்துவிடுவார்கள். எழுதுவதற்கும் படிப்பதற்கும் எளிதான இந்த அமைப்பு முதல் சில ஆண்டுகளுக்கு யாருக்கும் தொந்தரவு தருவதில்லை. மொழியைப் பலர் நாள்முழுதும் ஓடும் சேவைகளுக்குப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகே குறைகள் ஒவ்வொன்றாக வெளிவருகின்றன: செயல்முறையின் நினைவகம் ஏறுகிறது, இறங்க மறுக்கிறது, மூன்று நான்கு உறுப்புகள் கொண்ட அணிகளை உருவாக்கி எறியும் நிரல்கள் மாலாக்கிலும் அதன் விடுவிப்பிலுமே நேரத்தைக் கரைக்கின்றன, அணியை வரிசைத்தொடராகப் பயன்படுத்தி முன்பக்கத்திலிருந்து உறுப்புகளை எடுக்கும் நிரல் காரணமே தெரியாமல் மந்தமாகிறது.

இந்த நிலையில் ரன்டைமைப் பராமரிக்கும் குழுவின் முன் பல வழிகள் இருக்கின்றன. சிறிய அணிகளின் உறுப்புகளைத் தலைப்பகுதிக்குள்ளேயே வைக்கலாம். வளர்ச்சி விகிதத்தையும் சுருங்கும் விதியையும் திருத்தலாம். ஒரே துண்டைப் பல அணிகள் பகிர விடலாம். பெரிய அணிகளைச் சிறு இலைகளாகப் பிரிக்கலாம். இளம் அணிகளுக்கென்று தனி ஹீப் வைக்கலாம். எண்களைச் சுட்டி இல்லாமல் நேரடியாகச் சேமிக்கலாம். எல்லாவற்றையும் செய்யும் அளவுக்கு எந்தக் குழுவுக்கும் ஆள்பலம் கிடையாது. மேலும், இவை ஒவ்வொன்றும் ரன்டைமின் அடித்தளத்தையும் அதை நம்பிச் சி மொழியில் எழுதப்பட்ட நீட்சிகளையும் தொடுவதால், ஒன்றைச் செய்துவிட்டுப் பின்வாங்குவது செய்வதைவிடக் கடினம். ஆகவே வரிசை முக்கியம். சிறிய அணிகளை உள்ளே வைப்பதை முதலிலும், வளர்ச்சி விதியைத் திருத்துவதை அடுத்தும் செய்ய வேண்டும் என்பதும், மற்றவற்றுக்குத் தெளிவான நிபந்தனைகள் நிறைவேறும்வரை காத்திருக்க வேண்டும் என்பதும் என் முடிவு. அதற்கான காரணங்களைக் கீழே விரித்துச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு வேண்டுகோள். எந்த வழியைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தாலும், அணியை விடுவிக்கும் செயற்கூற்றில் நான்கைந்து எண்ணிகளைச் சேர்த்துவிட்டு, உண்மையான நிரல்களை ஒரு வாரமாவது ஓட்டிப் பாருங்கள். அணி இறக்கும்போது அதன் நீளம் எவ்வளவு, கொள்ளளவு எவ்வளவு, வாழ்நாளில் எத்தனை முறை இடம் மாறியது, எத்தனை குப்பைச் சுற்றுகளைத் தாண்டி உயிரோடு இருந்தது என்ற நான்கு விவரங்களும் போதும். இறப்பில் மட்டும் அளந்தால் நீண்டநாள் வாழும் அணிகள் கணக்கில் வராமல் போய்விடும் என்பதால், செயல்முறை முடியும் தறுவாயில் ஹீப் முழுவதையும் ஒருமுறை நடந்து, உயிரோடு இருப்பவற்றையும் அதே பட்டியலில் சேர்க்க வேண்டும். அளவுசோதனைக்கென்றே எழுதப்பட்ட நிரல்கள் ஒரு பெரிய அணியை எடுத்துக்கொண்டு பத்து லட்சம் முறை உறுப்பைச் சேர்க்கும். நடைமுறை நிரல்கள் பத்து லட்சம் சிறிய அணிகளை உருவாக்கும். முதல் வகையைப் பார்த்து இரண்டாம் வகைக்கு முடிவெடுத்தால், உழைப்பு தவறான இடத்தில் போய்ச் சேரும்.

சிறிய அணிகள்

மூன்று உறுப்புகள் கொண்ட ஓர் அணியை அருகில் சென்று பார்ப்போம். 64 பிட் கணினியில் ஒவ்வோர் உறுப்பும் 8 பைட். தலைப்பகுதி 40 பைட் என்று வைத்துக்கொள்வோம். உறுப்புகளுக்கு 24 பைட் வேண்டும்; லினக்ஸில் வழக்கமாக இருக்கும் ஜிலிப்சி நூலகத்தின் மாலாக் தன் கணக்குக்கென 8 பைட்டைச் சேர்த்து, 32 பைட் துண்டு ஒன்றைத் தரும். ஆக, 24 பைட் பயனுக்கு 72 பைட் செலவாகிறது. இடத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்; பெரிய செலவு வேறு இடத்தில் இருக்கிறது. அணி பிறக்கும்போது இரண்டு ஒதுக்கீடுகள், இறக்கும்போது இரண்டு விடுவிப்புகள் நடக்கின்றன. முதல் உறுப்பைப் படிக்கத் தலைப்பகுதியை ஒரு கேச் வரியிலும் (செயலி ஒரே மூச்சில் எடுக்கும் நினைவகத் துண்டு) உறுப்பை வேறொரு கேச் வரியிலும் தேட வேண்டியிருக்கிறது. குப்பைச் சேகரிப்பான் துடைத்துச் செல்லும்போது, இறந்த ஒவ்வோர் அணிக்கும் நின்று, மாலாக் துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் நகர முடிகிறது. சிறிய அணிகள் மிகுந்த நிரலில் துடைப்புக் கட்டத்தின் நேரம் பெரும்பாலும் இந்த விடுவிப்புகளிலேயே போகிறது.

ரூபி இதை முன்பே கவனித்தது. அதன் பொருள்கள் 40 பைட் கட்டங்களில் அமர்கின்றன. கொடிகளுக்கு 8, வகுப்புச் சுட்டிக்கு 8 போக மீதம் 24 பைட் கிடைக்கும். மூன்று உறுப்புகள்வரை உள்ள அணியின் உறுப்புகள் அந்த மீதத்திலேயே உட்கார்ந்துவிடுகின்றன. நீளம் கொடிகளில் சில பிட்டுகளாக ஒடுங்கிவிடுகிறது. நான்காம் உறுப்பு வந்ததும் மாலாக்கிடம் போக வேண்டியிருந்தது என்பதுதான் நீண்ட நாள் குறையாக இருந்தது. 2022 டிசம்பரில் வந்த 3.2 பதிப்பில் அதற்கும் வழி பிறந்தது: கட்டங்கள் 40, 80, 160, 320, 640 பைட் என ஐந்து அளவுகளாயின. 640 பைட் கட்டத்தில் தலைப்பகுதியின் 16 பைட் போக 78 உறுப்புகளுக்கு இடம் இருக்கிறது. பிறக்கும்போதே நீளம் தெரிந்த அணிகளுக்கு, அதாவது நிரலில் நேரடியாக எழுதப்பட்டவற்றுக்கும், இன்னோர் அணியிலிருந்து வெட்டி எடுக்கப்படுபவற்றுக்கும், மாலாக் தேவையே இல்லாமல் போகிறது.

இந்த வழிக்கும் விலை உண்டு. ஒவ்வோர் உறுப்பைத் தொடும்போதும் உறுப்புகள் உள்ளே இருக்கின்றனவா வெளியே இருக்கின்றனவா என்று கேட்டாக வேண்டும். அந்தக் கிளைத்தலைச் செயலி பெரும்பாலும் சரியாக ஊகித்துவிடும் என்றாலும், ஓடும்போதே நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் ஜேஐடி தொகுப்பி உருவாக்கும் குறிமுறை அதனால் பருக்கிறது. இன்னொரு சிக்கல் கூடுதல் கவனம் கோருகிறது. சி நீட்சி எழுதியவர் உறுப்புகளின் தொடக்க முகவரியை வாங்கி ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, நடுவில் ரன்டைமின் வேறொரு செயற்கூற்றை அழைத்திருப்பார். உறுப்புகள் வெளியே இருந்தவரை, தலைப்பகுதி இடம் மாறினாலும் அந்த முகவரி செல்லும். உள்ளே வந்த பிறகு, ஹீப்பை நெருக்கும் சேகரிப்பான் பொருளை நகர்த்தினால் முகவரி காற்றில் தொங்கும். இத்தகைய பிழை சோதனையில் சிக்காது; ஹீப் நெருக்கப்படும் அந்த ஒரு கணத்தில் மட்டும், வேறெங்கோ உள்ள பொருளைச் சிதைத்துவிட்டு, அங்கே போய் வெடிக்கும். ஆகவே இந்த வழியை எடுக்கும் குழு, முகவரியை நேரடியாகத் தரும் பழைய இடைமுகத்தை முதலில் மூடிவிட்டு, பிடித்து வைத்து விடுவிக்கும் இணைச் செயற்கூறுகளை அறிமுகப்படுத்திவிட்டுத்தான் உள்ளே வைக்கும் வேலையைத் தொடங்க வேண்டும். இந்த முன்வேலைதான் திட்டத்தின் பெரும்பகுதி. அதைச் செய்யத் தயங்கி, ஒரு பதிப்புக்கு முன் அவசரமாகச் செய்த மாற்றம் ஒன்றை மறுபதிப்பில் திரும்பப் பெற்ற அனுபவம் எனக்கே இருக்கிறது. அந்தப் பதிப்பைப் பயன்படுத்தியவர்களின் நம்பிக்கையை மீட்க அதைவிட நீண்ட காலம் பிடித்தது.

இத்தனைக்கும் பிறகு இதை முதலிடத்தில் வைப்பதற்குக் காரணம், இதன் பலன் எங்கும் பரவுவது. செயற்கூறுகளுக்குப் போகும் அளபுருக்கள், ஒன்றுக்கு மேற்பட்ட திருப்பு மதிப்புகள், ஆயத்தொலைகள், சாவி–மதிப்பு இணைகள் எல்லாம் சிறிய அணிகளே. நிரலர் எதையும் மாற்றி எழுதாமலே அவருடைய நிரல் இலகுவாகிறது.

இதே திசையில் வேறொரு பாடத்தை ஹாஸ்கெல் மொழியின் தொகுப்பியான ஜிஎச்சி தருகிறது. அதன் மாறக்கூடிய அணிகள் 128 உறுப்புகளுக்கு ஒரு பைட் என்ற அட்டைப் பட்டியலைச் சுமக்கின்றன. பல குப்பைச் சுற்றுகளைத் தாண்டிப் பழைய தலைமுறைக்குப் போய்விட்ட பெரிய அணியில் ஓர் உறுப்பு மாறினால், அது இருக்கும் அட்டையை மட்டும் மறுபடி பார்த்தால் போதும் என்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு அது. பத்து உறுப்பு அணிக்கு இந்தப் பட்டியல் வெறும் சுமை. 2015-இல் வந்த 7.10 பதிப்பில் அட்டைப் பட்டியல் இல்லாத சிறிய அணிவகை ஒன்றைத் தனியாகச் சேர்த்தார்கள். பெரியதற்கும் சிறியதற்கும் ஒரே அமைப்பு பொருந்தாது என்பதை வகையமைப்பிலேயே ஒப்புக்கொண்ட நேர்மையான தீர்வு அது. ஆனால் எதைப் பயன்படுத்துவது என்ற பொறுப்பை அது நிரலர் தலையில் வைக்கிறது. இயங்குநிலை மொழியில் அந்தப் பொறுப்பை ரன்டைமே சுமக்க வேண்டும்.

வளர்வதும் சுருங்குவதும்

வளர்ச்சி விகிதத்தைப் பற்றிய விவாதம் பழையது. அதில் பாதி இன்றைய நினைவக ஒதுக்கிகளுக்குப் பொருந்தாது. இருமடங்காக்கினால், விடுவித்த பழைய துண்டுகள் அனைத்தையும் ஒட்டினாலும் அடுத்த துண்டுக்குப் போதாது என்பது பழைய வாதம். 1, 2, 4, 8 என்று கூட்டிக்கொண்டே போனால் கிடைக்கும் தொகை அடுத்து வருவதைவிட எப்போதும் ஒன்று குறைவு. அதிலும் கடைசித் துண்டு நகலெடுத்து முடியும்வரை பயன்பாட்டிலேயே இருக்கிறது. விகிதம் 1.5 என்றால் ஐந்தாறு வளர்ச்சிகளுக்குப் பின் பழைய இடத்திலேயே புதியது அமர முடியும். கணிதம் சரிதான். ஆனால் அந்தத் துண்டுகள் நினைவகத்தில் அடுத்தடுத்து இருந்தால் மட்டுமே இது நடக்கும். ஜெமாலாக், மிமாலாக் போன்ற ஒதுக்கிகள் ஏறக்குறைய ஒரே அளவுள்ள துண்டுகளை ஓர் அளவு வகுப்பாக்கி, ஒவ்வொரு வகுப்பையும் தனித்தனி இடத்தில் வைப்பதால், சிறிய, நடுத்தர அளவுகளில் துண்டுகள் ஒட்டுவதற்கு வாய்ப்பே இல்லை.

பெரிய அளவுகளில் வேறொன்று நடக்கிறது. ஜிலிப்சி, தொடக்க அமைப்பில் 128 கிலோபைட்டைத் தாண்டும் வேண்டுகோளை இயக்குதளத்திடமிருந்தே நேரடியாக வாங்கித் தருகிறது. இந்த எல்லை நிரலின் போக்கைப் பார்த்து 32 மெகாபைட்வரை தானாக உயரும். அப்படி வாங்கிய துண்டின் அளவை ரீஆலாக் என்ற செயற்கூற்றால் மாற்றினால், லினக்ஸின் எம்ரீமேப் அழைப்பு பக்க அட்டவணையை மட்டும் மாற்றி எழுதுகிறது. உறுப்புகளில் ஒன்றுகூட நகலெடுக்கப்படுவதில்லை. அதாவது, பெரிய அணியை வளர்ப்பதில் நாம் அஞ்சும் நகல் செலவு, ரீஆலாக்கை அழைக்கும் ரன்டைமுக்குப் பெரும்பாலும் இல்லை. புதிதாக வாங்கி, நகலெடுத்து, பழையதை விடுவிக்கும் ரன்டைமுக்கு முழுமையாக உண்டு. அணியின் மூலக்குறிமுறையைத் திறந்ததும் நான் முதலில் தேடுவது இதைத்தான். மூன்று வரிகளை ஒரு வரியாக்கும் இந்தத் திருத்தம் பல நாள் ஆராய்ச்சியைவிட அதிகம் தரக்கூடும்.

விகிதங்களை எண்ணிக்கையில் வைத்துப் பார்ப்போம். வளர்ந்து முடிந்த கணத்தில், அதுவரை நகலெடுத்த உறுப்புகளின் மொத்தம் நீளத்தைப்போல் அதிகபட்சம் இத்தனை மடங்கு என்று கணக்கிடலாம்: விகிதம் 2 என்றால் 2, 1.5 என்றால் 3, 1.125 என்றால் 9. மறுபக்கம், வீணாகக் கிடக்கும் இடம் முறையே நீளத்தின் 100, 50, 12.5 சதவீதம்வரை போகலாம். பைத்தானின் வழக்கமான ரன்டைமான சிபைத்தான் எட்டில் ஒரு பங்கு மட்டும் கூட்டி, 0, 4, 8, 16, 24, 32, 40, 52, 64, 76 என்று சிக்கனமாக ஏறுகிறது. அடியில் ரீஆலாக் இருக்கும் துணிச்சலில் அப்படிச் செய்ய முடிகிறது. ஜாவாவின் அரேலிஸ்ட் 10-இல் தொடங்கிப் பாதியைக் கூட்டிக்கொண்டே போகிறது. ரஸ்ட் இருமடங்காக்குகிறது. கோ மொழியின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1024 உறுப்புகள்வரை இருமடங்கு, அதற்கு மேல் கால்பங்கு என்று திடீரென்று மாறும் விதி அதில் நெடுநாள் இருந்தது. 2022-இல் வந்த 1.18 பதிப்பில் எல்லையை 256-ஆக இறக்கி, அங்கிருந்து விகிதம் இரண்டிலிருந்து ஒன்றேகாலை நோக்கி மெல்ல இறங்கும்படி செய்தார்கள். சிறியதற்குத் தாராளம், பெரியதற்குச் சிக்கனம், இடையில் பள்ளம் இல்லை. புதிய ரன்டைம் எதுவானாலும் இந்த வடிவத்தை எடுத்துக்கொள்வதே நல்லது.

கோவிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. கணக்கிட்ட கொள்ளளவை அது ஒதுக்கியின் அளவு வகுப்புக்கு ஏற்றாற்போல் மேல்நோக்கி முழுமையாக்கிக்கொள்கிறது. ஜிலிப்சியிடம் 32 பைட் கேட்டால் 48 பைட் துண்டு வருகிறது. அதில் 40 பைட்டை நாம் பயன்படுத்தலாம். நான்கு உறுப்புகளுக்குக் கேட்ட அணி ஐந்தாவதற்கும் ஏற்கெனவே இடம் வைத்திருக்கிறது, அது தெரியாமல் ஐந்தாவது வரும்போது மறுபடி ஒதுக்கியின் கதவைத் தட்டுகிறது. கொள்ளளவைக் கணக்கிடும் ஒரே செயற்கூற்றில் இதைத் திருத்திவிடலாம்.

சுருங்கும் விதியைப் பெரும்பாலானோர் மறந்துவிடுகிறார்கள். சேவைகளின் நினைவகம் இறங்காமல் நிற்பதற்கு இந்த மறதியும் ஒரு முக்கியக் காரணம். நெரிசல் நேரத்தில் பத்து லட்சம் உறுப்புகள்வரை வளர்ந்த அணி, பிறகு நூறு உறுப்புகளோடு வாழ்நாள் முழுதும் 8 மெகாபைட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். நீளம் கொள்ளளவில் பாதிக்குக் கீழ் போனதும் சிபைத்தான் சுருக்குகிறது. சுருக்கிய பின் எட்டில் ஒரு பங்கு மிச்சம் வைப்பதால் எல்லையில் நின்று தத்தளிப்பதில்லை. இருமடங்காக்கும் ரன்டைம் அதே பாதி விதியை அப்படியே எடுத்துக்கொண்டால், ஓர் உறுப்பைச் சேர்த்து, ஓர் உறுப்பை நீக்கி, மறுபடி சேர்க்கும் சாதாரணச் சுழல் ஒவ்வொரு முறையும் துண்டை மாற்றும் அவலத்துக்கு ஆளாகும். அங்கே கால்பங்குக்குக் கீழ் போனால் பாதியாக்குவது என்பதே சரியான விதி. இதைவிட அமைதியான வழி, உறுப்பை நீக்கும் இடத்தில் எதையும் செய்யாமல், முழுக் குப்பைச் சுற்றில் அணியைத் தொடும்போது, தொடர்ந்து இரண்டு சுற்றுகளாகக் கால்பங்குக்குக் கீழேயே இருந்தால் மட்டும் சுருக்குவது. நீக்கும் செயல் வேகமாகவே இருக்கும். ஒரு கணம் காலியாகி உடனே நிரம்பும் அணிகள் தொந்தரவுக்கு உள்ளாவதில்லை.

பகிர்வு

ஓர் அணியிலிருந்து வெட்டிய துண்டு, மூல அணியின் இடத்தையே சுட்டினால் நகலெடுக்கும் வேலை மிச்சம். யாராவது எழுதும்போது நகலெடுத்துக்கொள்ளலாம். கேட்கும்போது இதைவிட அழகான யோசனை இல்லை என்று தோன்றும். பிஎச்பியும் ஸ்விஃப்டும் தங்கள் அணிகளின் பொருளையே இதன்மேல் கட்டியிருக்கின்றன. அங்கெல்லாம் அணி என்பது மதிப்பு. ஒரு மாறியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது நகல் போல் நடந்துகொள்ள வேண்டும். அதனால் எழுதும்போது நகலெடுத்தல் தவிர்க்க முடியாதது. அணியைச் சுட்டுப்பொருளாக நடத்தும் மொழியில் அந்தக் கட்டாயம் இல்லை. அங்கே பகிர்வு ஒரு விருப்பத் தேர்வு மட்டுமே. அதன் ஆபத்தைத் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆபத்து என்னவென்று ஜாவா அனுபவித்துத் தெரிந்துகொண்டது. ஜாவாவின் சரங்கள் நெடுங்காலம் தம் எழுத்து அணியைப் பகிர்ந்தன. சில மெகாபைட் உரையைப் படித்து, அதிலிருந்து பத்து எழுத்தை வெட்டி ஓர் அகராதியில் சாவியாக வைத்தால், அந்தப் பத்து எழுத்துக்காக முழு உரையும் உயிரோடு இருந்தது. 2012-இல் வந்த 7-ஆம் பதிப்பின் 6-ஆம் புதுப்பிப்பு அந்தப் பகிர்வை நீக்கி, வெட்டும்போதே நகலெடுக்கும் முறைக்கு மாறியது. கோவின் துண்டுகளில் இதே பண்பு இன்றும் இருக்கிறது. ஆனால் அங்கே பகிர்வு மொழியின் வெளிப்படையான பகுதி, தேவைப்பட்டால் நிரலரே நகலெடுத்துக்கொள்வார். மறைவாகப் பகிரும் ரன்டைமில் நிரலருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஹீப் படத்தை எடுத்து, ஒரு சின்ன அணியிலிருந்து பெரிய துண்டுக்குப் போகும் கோட்டைக் கண்டுபிடிப்பதற்குள் எனக்கு ஒருமுறை இரண்டு நாள் ஓடிவிட்டது. நிரலில் குற்றம் சொல்ல ஒரு வரிகூட இல்லை.

எனவே பகிர்வை ஒரேயோர் இடத்துக்கு மட்டும் பரிந்துரைக்கிறேன்: முன்பக்கத்திலிருந்து உறுப்பை எடுப்பது. ஒரு லட்சம் உறுப்புகள் கொண்ட அணியில் முதல் உறுப்பை எடுத்தால், மீதமுள்ள ஏறக்குறைய 8 லட்சம் பைட்டை ஒரு கட்டம் முன்னே நகர்த்த வேண்டும். சிபைத்தானின் பட்டியல் இன்றும் இதைத்தான் செய்கிறது; வரிசைத்தொடர் தேவைப்படுவோருக்கு 64 உறுப்புத் தொகுதிகளால் ஆன இருமுனைத் தொடர் ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறது. ரூபி, உறுப்புகள் வெளியே இருக்கும் சற்றே பெரிய அணியில் முன்பக்கத்து உறுப்பை எடுக்கும்போது, துண்டைப் பகிர்வுக்குரியதாக மாற்றிவிட்டுத் தொடக்கச் சுட்டியை மட்டும் நகர்த்துகிறது. ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் வி8, அணியின் இடப்பக்கத்தையே ஹீப்பில் வெட்டிவிடுகிறது. இவற்றைவிட எளிய வழி தலைப்பகுதியில் தொடக்க இடப்பெயர்ச்சி என்று ஒரு புலத்தைச் சேர்ப்பது. முன்னால் காலியான பகுதி கொள்ளளவில் பாதியைத் தாண்டியதும் ஒரே ஒருமுறை நகர்த்திவிட்டால், சராசரியில் ஒவ்வோர் எடுப்பும் மாறாத செலவில் முடியும். வேறெந்த அணியும் இதில் சம்பந்தப்படாததால் நினைவகக் கசிவுக்கும் இடம் இல்லை. காலியான கட்டங்களில் பழைய சுட்டிகளை அழிக்க மட்டும் மறக்கக் கூடாது. சேகரிப்பான் அவற்றைப் பார்த்தால், எடுத்துச் சென்ற பொருள்கள் எல்லாம் சாகாமல் நிற்கும்.

இலைகளாகப் பிரித்தல்

பெரிய அணிக்குத் தொடர்ச்சியான இடமே வேண்டாம் என்று முடிவெடுப்பது மிகத் துணிச்சலான வழி. முதுகெலும்பு போன்ற ஒரு சிறு அணி, சம அளவுள்ள இலைகளைச் சுட்டும். ஐபிஎம்மின் மெட்ரோனோம் சேகரிப்பானும், பின்னர் ஜாவா ரன்டைமான ஓப்பன்ஜே9-இன் சமநிலைச் சேகரிப்பானும் இப்படித்தான் செய்தன. வளரும்போது பழைய இலைகள் அசைய வேண்டியதில்லை. புதிய இலை ஒன்று சேர்ந்தால் போதும். சேகரிப்பானின் ஓய்வுநேரத்துக்கு, அதாவது அது நிரலை நிறுத்திவைக்கும் நேரத்துக்கு, உறுதியான மேல்வரம்பு சொல்ல முடியும். எவ்வளவு பெரிய அணியானாலும் ஒரு வேளையில் ஓர் இலைதான் நகரும். இது இல்லாதபோது என்ன ஆகும் என்பதை ஜாவாவின் ஜி1 சேகரிப்பானில் காணலாம்: அது ஹீப்பைச் சம அளவுப் பகுதிகளாகப் பிரிக்கிறது, பகுதி அளவில் பாதியையோ அதற்கு மேலோ எடுக்கும் பொருளுக்கு முழுப் பகுதிகளே ஒதுக்கப்படுகின்றன. பகுதி 32 மெகாபைட் என்று வைத்திருந்தால், 17 மெகாபைட் அணிக்குப் பின்னால் 15 மெகாபைட் யாருக்கும் பயன்படாமல் கிடக்கும்.

விலையோ அதிகம். ஒவ்வோர் உறுப்பைத் தொடவும் சுட்டெண்ணைப் பிட் நகர்த்தி இலையைக் கண்டுபிடித்து, முகமூடியிட்டு இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு நினைவகப் படிப்பு இரண்டாகிறது. சுழல்களைத் தொகுப்பி, ஒரே கட்டளையில் பல உறுப்புகளைக் கையாளும் திசையன் கட்டளைகளாக மாற்றுவது தடைபடுகிறது. சி நூலகத்திடம் அணியைக் கொடுக்க வேண்டுமானால் முழுவதையும் ஒரே இடத்தில் நகலெடுத்தே தர வேண்டும். ஓப்பன்ஜே9 இதற்கு ஒரு நுட்பம் கண்டது: இலைகள் இருக்கும் அதே பௌதிகப் பக்கங்களை வேறொரு மெய்நிகர் முகவரியில் தொடர்ச்சியாக இரண்டாம் முறை பொருத்தியது. வியக்கத்தக்க வேலைதான், ஆனால் அதைப் பராமரிக்கக்கூடிய குழு உங்களிடம் இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். பொருள்களை நகர்த்தாத சேகரிப்பானும், ஓய்வுநேரத்துக்குக் கடுமையான வரம்பு இல்லாத பயனர்களும் உள்ள ரன்டைமுக்கு இதில் லாபம் இல்லை என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

மற்ற இரண்டு

இளம் அணிகளுக்குத் தனி ஹீப் வைக்கும் வழியை ரூபி 2018-இல் 2.6 பதிப்பில் முயன்றது. உறுப்புகளை மாலாக்கிடம் வாங்காமல், சுட்டியை முன்னே தள்ளிக்கொண்டே போகும் தற்காலிக ஹீப்பில் வைத்து, பொருள் முதிர்ந்தால் மட்டும் மாலாக்குக்கு மாற்றினார்கள். பல அளவுக் கட்டங்கள் வந்து அதே சிறிய அணிகளை உள்ளே இழுத்துக்கொண்ட பிறகு தற்காலிக ஹீப்புக்கு வேலை குறைந்தது, 3.3 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். ஒரே சிக்கலுக்கான இரண்டு தீர்வுகளில் எளியது எது என்பதை ஒரு மொழி தன் சொந்த வரலாற்றிலேயே சோதித்துக் காட்டியிருப்பதால், இதைப் பற்றி மேலும் வாதிடத் தேவையில்லை.

எண்களை நேரடியாகச் சேமிப்பது வேறு வகை. வி8 முழு எண் அணி, மிதவைப்புள்ளி அணி, கலப்பு அணி என்று பிரித்து வைத்து, பொருந்தாத உறுப்பு வந்ததும் பொதுவான வகைக்கு மாறுகிறது. பைத்தானின் இன்னொரு ரன்டைமான பைபையின் பட்டியல்களும் இதே உத்தியைக் கையாளுகின்றன. எண் கணக்குகள் மிகுந்த நிரல்களில் இதன் பலன் மிகப் பெரியது. ஆனால் வகைகளைச் சோதிக்கும் செலவை நீக்கித் தர ஜேஐடி வேண்டும். ஜேஐடி இல்லாத வெறும் மொழிமாற்றியில், படிக்கும் ஒவ்வொரு முறையும் எண்ணைப் பொருளாகப் பொதிய வேண்டி வந்து, மிச்சப்படுத்திய நினைவகத்தைக் குப்பையாகத் திருப்பிக் கொடுத்துவிடும். உறுப்பின் அளவைக் குறைப்பதில் கைக்கெட்டும் வேறொரு வேலை பிஎச்பியில் நடந்தது: 0, 1, 2 என்று வரிசையாகச் சாவி கொண்ட அணிகள் ஒவ்வோர் உறுப்புக்கும் சாவியையும் சேர்த்து 32 பைட் வைத்திருந்தன, சாவியை இடத்திலிருந்தே அறிய முடியும் என்பதால் 8.2 பதிப்பு அதை 16 பைட்டாகப் பாதியாக்கியது. உங்கள் உறுப்பில் இப்படிக் கணக்கிட்டு அறியக்கூடிய ஒரு புலம் ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு பிற்பகல் போதும்.

மேலே சொன்ன வரிசையை நான் மாற்றிக்கொள்ளக்கூடிய சூழல் ஒன்று இருக்கிறது. ரன்டைம், உலாவி போன்ற இடங்களில் நிரலை ஓட்டும் வெப்அசெம்பிளிக்குள் ஓட வேண்டும் என்றால், அடியில் இருக்கும் நினைவகம் 64 கிலோபைட் பக்கங்களாக வளர மட்டுமே முடியும். இயக்குதளத்துக்குத் திரும்பக் கொடுக்க முடியாது. எம்ரீமேப் அங்கே இல்லை. 32 பிட் முகவரியில் மொத்தமே 4 ஜிகாபைட்தான். 1 ஜிகாபைட் அணியை இருமடங்காக்கும் கணத்தில் பழையதும் புதியதுமாக 3 ஜிகாபைட் வேண்டும், நகல் முடிந்ததும் விட்டுச்சென்ற ஓட்டை அப்படியே நிற்கும். அங்கே பெரிய அணிகளுக்கான வளர்ச்சி விகிதத்தைச் சிபைத்தான் அளவுக்கு இறக்குவதை முதல் வேலையாக வைப்பேன். நூறு மெகாபைட்டைத் தாண்டும் அணிகள் எண்ணிகளில் அடிக்கடி தென்பட்டால், அவற்றுக்கு மட்டும் இலைப் பிரிப்பைக் கொண்டுவரும் செலவையும் ஏற்றுக்கொள்வேன்.